ஜெர்மன்காரரும் ருக்கு அக்காவின் கறிபாப்பும்

கறிபாப்பைக் கடித்துவிட்டேன். அது உடையவில்லை. என் பல்லுக்கும் அதற்கும் நடுவில் ஒரு பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது.

எதிரே ருக்கு அக்கா உட்கார்ந்திருந்தார். மேசைமேல் நீல மூடி போட்ட பெரிய டப்பா, அதற்குள் இன்னும் முப்பது கறிபாப். டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை உறை. அந்த உறைக்குள் அவருடைய ராஜினாமாக் கடிதம் இருந்தது.

பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் நான் வேலை செய்யும் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையின் கேன்டீன் அது. வெள்ளிக்கிழமை காலை, பத்து மணி டீ நேரம்.

"நாலு மணிக்கு ஆபீஸ்ல குடுத்துடலாம்னு இருக்கேன் வசந்தி," என்றார் அக்கா. "பாலிக் புலாவ்ல கடை பேசியாச்சு. பசார் பக்கத்துலயே எடம். டுரியான் சீசன் வந்தா கூட்டம் தாங்காது லா. கறிபாப் மட்டும்தான் போடப் போறேன். கடைசியா ஒருவாட்டி உன்கிட்ட கேட்டுக்கறேன். சொல்லு, எப்படி இருக்கு?"

மசாலா உருளைக்கிழங்கை மாவுக்குள் வைத்து, பாதி நிலா மாதிரி மடித்து, ஓரத்தைப் பின்னிப் பொரித்தால் கறிபாப். பினாங்கில் அதைச் சாப்பிடாத இனம் கிடையாது. ருக்கு அக்கா பதினோரு வருஷமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு டப்பா நிறையக் கொண்டுவருவார். பதினோரு வருஷமாக இதே கேள்வியைக் கேட்பார். பதினோரு வருஷமாக நாங்கள் எல்லாரும் ஒரே பதிலைச் சொல்லிவந்தோம்: "சூப்பர்க்கா!"

அன்றைக்கு அந்த வார்த்தையை என்னால் சொல்ல முடியவில்லை. இருநூறு வருஷத்துக்கு முன்பே செத்துப்போன ஒரு ஜெர்மன்காரர் என் தொண்டையில் உட்கார்ந்திருந்தார்.

பிஸ்கட் டின்னில் வந்தவர்

நாற்பத்தொன்பது வயதில் நான் பட்டப்படிப்பில் சேர்ந்த கதையைப் போன வாரங்களில் எழுதியிருந்தேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரே வரி: டிகிரி இல்லாமல் சூப்பர்வைசர் ஆக முடியாது என்று ஆபீஸில் சொன்னார்கள், ரோஷத்தில் சேர்ந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் டவுனுக்குள்ளே ஒரு பழைய கடைவீட்டு மாடியில் வகுப்பு. கீழே சாமான் கடை. மேலே நாங்கள் படிக்கும்போது கீழேயிருந்து நெத்திலிக் கருவாட்டு வாசம் ஏறி வரும். இன்றைக்கும் தத்துவம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கருவாடுதான் ஞாபகம் வரும்.

தத்துவம் கட்டாயப் பாடம். சொல்லிக்கொடுத்தவர் டாக்டர் ஹஸ்னா. மெல்லிய குரல், ஆனால் அந்தக் குரலில் கேள்வி கேட்டால் வியர்த்துவிடும். ஒரு நாள் அவர் பழைய பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே சீட்டுகள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு தத்துவஞானியின் பெயர், அவருடைய ஒரு கொள்கை. ஆளுக்கொரு சீட்டு எடுக்கவேண்டும். இரண்டு வாரம் அந்தக் கொள்கைப்படி வாழ்ந்து பார்த்துக் கட்டுரை எழுதவேண்டும்.

எனக்குப் பக்கத்தில் காதர் அண்ணன். டவுனில் சோறும் குழம்பும் விற்கும் நாசி கண்டார் கடை வைத்திருப்பவர். பிள்ளைகள் எல்லாம் பட்டதாரி ஆகிவிட்டார்கள், வீட்டில் நான் ஒருத்தன்தான் பாக்கி என்று படிக்க வந்தவர். அவருக்கு ஓர் ஆங்கிலேயர் விழுந்தார். நிறைய பேருக்கு நிறைய சந்தோஷம் தருவது எதுவோ அதைச் செய், அவ்வளவுதான் கொள்கை. காதர் அண்ணன் அன்று மத்தியானமே கடைக்குப் போய், கேட்டாலும் கேட்காவிட்டாலும் எல்லார் தட்டிலும் குழம்பை வெள்ளமாக ஊற்றச் சொல்லிவிட்டார். வாடிக்கையாளர்கள் ஆடிப்பாடினார்கள். தட்டுக் கழுவுகிறவர்கள் மூன்றாம் நாள் வேலைக்கு வரவில்லை.

எனக்கு விழுந்தவர்தான் ஜெர்மன்காரர். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. என் உச்சரிப்பை டாக்டர் ஹஸ்னா மூன்று தடவை திருத்தினார், நாலாவது தடவை அவரே கைவிட்டுவிட்டார். வீட்டில் 'ஜெர்மன்காரர்' என்றே வைத்துக்கொண்டோம்.

கல்யாணம் செய்துகொள்ளாதவர். தன் ஊரைவிட்டு அதிக தூரம் போகாதவர். தினமும் ஒரே நேரத்துக்கு நடக்கக் கிளம்புவாராம், அவரைப் பார்த்து ஊர்க்காரர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்களாம். இதைக் கேட்டு என் கணவர் மணியம் உருகிவிட்டார். அவர் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவர். விடிவதற்குள் பாலம் தாண்டி சிம்பாங் அம்பாட் போய் ஆள் ஏற்றி வரவேண்டும்.

"இந்த மாதிரி ஒரே ஒரு ஆளு என் பஸ்ல ஏறினா போதும்," என்றார். "ஹாரன் அடிச்சு அடிச்சு கை வலிக்குது."

எல்லாரும் செஞ்சா என்ன ஆகும்?

ஜெர்மன்காரரின் கொள்கை சொல்லும்போது எளிதாகத்தான் இருந்தது. ஒன்றைச் செய்வதற்கு முன்னால், உலகத்தில் எல்லாரும் இதையே செய்தால் என்ன ஆகும் என்று யோசி. ஊர் உருப்படாது என்று தோன்றினால் நீயும் செய்யாதே. அதோடு சேர்த்து இன்னொன்று: மனிதரை உன் காரியத்துக்கு ஒரு கருவியாக மட்டும் வைத்துக்கொள்ளாதே.

பொய்யை இந்தச் சல்லடையில் போட்டால் தங்காது. எல்லாரும் பொய் சொன்னால் யாரும் யாரையும் நம்பமாட்டார்கள். நம்ப ஆள் இல்லாத ஊரில் பொய்கூட விலை போகாது. ஆகவே பொய் கூடாது. எப்போதும், யாரிடமும்.

"இவர் எப்போதோ செத்துவிட்டார் என்று நினைக்காதீர்கள்," என்றார் டாக்டர் ஹஸ்னா. "ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் உங்கள் சம்மதம் கேட்டுக் கையெழுத்து வாங்குகிறார்களே, அதில் இவர் இருக்கிறார். மனித உரிமை என்று பேசுகிற இடத்தில் எல்லாம் இவர் ஒரு மூலையில் நிற்கிறார். பெயர் தெரியாமலே நாம் இவர் மாதிரிப் பேசிக்கொண்டிருக்கிறோம்."

அது உண்மை என்று மறுநாளே தெரிந்தது. மணியத்தோடு காரில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு மோட்டார் சைக்கிள்காரர் ஒருவழிப் பாதையில் எதிரே வந்தார். மணியம் கண்ணாடியை இறக்கி, "எல்லாரும் இப்படி வந்தா என்னய்யா ஆகும்?" என்று கத்தினார்.

"ஏங்க, அது ஜெர்மன்காரர் சொன்னது," என்றேன்.

"நான் சொன்னது லா அது. பத்து வருஷமா இதே எடத்துல சொல்லிட்டிருக்கேன். அவரு எங்கிட்ட கேட்டாரா?"

கதவைத் தட்டினால்

ஜெர்மன்காரர் சொன்னதில் ஒன்று மட்டும் எங்கள் வகுப்பையே கலக்கிவிட்டது. உன் நண்பன் உன் வீட்டுக்குள் ஒளிந்திருக்கிறான். அவனைக் கொல்ல வந்தவன் கதவைத் தட்டி, "அவன் உள்ளே இருக்கிறானா?" என்று கேட்கிறான். அப்போதும் பொய் சொல்லக்கூடாதாம்.

காதர் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "இது என்ன நியாயம் லா? இவரு வீட்டுல யாரு போய் ஒளிவா?"

மனிதர் கேட்டது சரிதான் என்று எனக்கும் பட்டது. ஆனால் சீட்டு என் கையில். அந்த வாரமே எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்.

நாங்கள் இருப்பது பாயா தெருபோங்கில் மலையடிவாரத்து அடுக்குமாடி. குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர் கிடைக்காமல் தேடிக்கொண்டிருந்தார்கள். லிப்ட் கெட்டுப்போனால் பதினேழு மாடிக்காரர்களும் தலைவர் வீட்டுக்குத்தான் வருவார்கள் என்பதால் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. சனிக்கிழமை மத்தியானம் நாலு பேர் நடைபாதையில் வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்த மணியம், சாப்பாட்டுத் தட்டோடு குளியலறைக்குள் ஓடினார்.

"நான் இல்லன்னு சொல்லிடு!"

கதவைத் திறந்தேன்.

"அக்கா, மணியம் அண்ணன் இருக்காரா?"

பேசாமல் நின்று பார்த்தேன். பேசாமல் இருப்பதை ஜெர்மன்காரர் தடுக்கவில்லை. ஆனால் நாலு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே குளியலறையில் தட்டில் கரண்டி உரசும் சத்தம் கேட்டது.

"இருக்காரு," என்றேன். "குளியலறைல ஒளிஞ்சிருக்காரு."

பத்து நிமிஷத்தில் மணியம் தலைவராகிவிட்டார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பேசிய அன்று கேட்ட முதல் கேள்வி: "அந்த ஆளுக்கு ஏன் கல்யாணம் ஆகலன்னு இப்ப புரியுதா?"

கண் பரிசோதனை

நான் ஒன்றும் அரிச்சந்திரன் வீட்டுப் பெண் இல்லை என்பதை இங்கே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். அந்தத் தொழிற்சாலைக்குள் நான் நுழைந்ததே ஒரு பொய்யால்தான்.

தரப் பரிசோதனைப் பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். நாங்கள் சொல்வது கியூசி. லென்ஸ் வழியாக எலெக்ட்ரானிக் சில்லுகளைப் பார்த்துக் கீறல் இருந்தால் 'ரிஜெக்ட்' போடவேண்டும். கண் நன்றாகத் தெரியவேண்டும். எனக்கு அவ்வளவாகத் தெரியாது. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் சுவரில் இருந்த எழுத்துகளைப் படித்தபோது, நான் பின்னால் நின்று மனப்பாடம் செய்துகொண்டேன். என் முறை வந்ததும் தமிழ்ப்பள்ளியில் செய்யுள் ஒப்பிப்பது மாதிரி ஒப்பித்தேன். வேலை கிடைத்துவிட்டது.

மூன்றாம் நாள் ருக்கு அக்கா என் தட்டிலிருந்து பத்துச் சில்லுகளை எடுத்துத் திரும்பப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நாளைக்குக் கண்ணாடி போட்டுட்டு வா. இல்லன்னா வராதே."

அவ்வளவுதான். வேறு யாரிடமும் சொல்லவில்லை. அவர் அப்படித்தான். முடி அளவு கீறல் இருந்தாலும் ஒதுக்கிவிடுவார், ஒதுக்கியதைப் பற்றிப் பிறகு பேசமாட்டார். எங்கள் பிரிவுக்கு அவர்தான் தலைவி. யாருக்கு எந்த ஷிப்ட், யாருக்குத் தீபாவளி லீவு என்பதெல்லாம் அவர் எழுதுகிற லிஸ்டில் இருக்கும். தனியாள். சுங்கை ஆராவில் சின்ன வீடு. வியாழக்கிழமை சாயங்காலம் முழுக்கக் கறிபாப் செய்வார்.

அந்த அக்காதான் இப்போது, ஓய்வுக்கு இன்னும் சில வருஷமே இருக்கும்போது, வேலையை விடப் போகிறேன் என்று உறையோடு உட்கார்ந்திருந்தார். எங்களுடைய ஐந்நூறு 'சூப்பர்'களை நம்பி.

ருசி எப்படி?

"நல்லா மணக்குதுக்கா," என்றேன். அது உண்மை.

"மணக்கறது இருக்கட்டும். ருசி?"

கியூசிக்காரரிடம் வழுக்க முடியுமா? கறிபாப்பை மெதுவாகக் கீழே வைத்தேன். அது மேசையில் 'டக்' என்றது.

"கல்லு மாதிரி இருக்குக்கா."

அக்கா அந்தக் கறிபாப்பை எடுத்து விரலால் தட்டிப் பார்த்தார்.

"இன்னைக்கு மட்டுமா?"

"இல்லக்கா."

"எப்ப இருந்து?"

"மொத நாள்லேருந்து."

லென்ஸுக்குள் பார்ப்பது மாதிரி ஒரு கண்ணைச் சுருக்கினார். "போன வாரம் நீ நாலு தபாவ் கட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போனியே. வீட்டுக்காரருக்குப் பிடிக்கும்னு சொன்னே?"

"சொன்னேன்க்கா."

"என்ன பண்ணினே?"

பொய் சொல்லக்கூடாது என்று எழுதியவரிடம் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். "வீட்டுக்குப் பின்னாடி கொரங்கு வரும்க்கா. அதுக்குப் போட்டேன்."

"கொரங்கு சாப்பிட்டுச்சா?"

"மோந்து பார்த்துட்டு வச்சிட்டுப் போயிடுச்சுக்கா."

அக்கா பக்கத்து மேசைக்குத் திரும்பினார். அங்கே நோராய்னி இருந்தாள். எங்களோடு பதினோரு வருஷமாகக் கறிபாப் 'சாப்பிடுகிறவள்'. அக்கா அவளிடம் மலாயில் கேட்டார். நோராய்னி பழக்க தோஷத்தில் கட்டைவிரலைத் தூக்கிவிட்டு, அக்காவின் கண்ணைப் பார்த்ததும் விரலை மடக்கிக்கொண்டாள். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவள் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கப் போவார். அக்காவின் கறிபாப்பைத் தூண்டிலில் குத்தினால் தண்ணீரில் ஊறிக் கரையாமல் மணிக்கணக்காக நிற்குமாம். நல்ல கெளுத்தி விழுமாம்.

ருக்கு அக்கா டப்பாவை மூடினார். உறையை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தார். எழுந்தார்.

"பதினோரு வருஷம்," என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் அவர் கடிதத்தைக் கொடுக்கவில்லை. என்னோடும் பேசவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை டப்பா வரவில்லை, அதற்கடுத்த வெள்ளியும் வரவில்லை. கறிபாப்பைச் சாப்பிடாத அத்தனை பேரும் கறிபாப் இல்லாமல் போனதற்கு என்னைத் திட்டினார்கள். "உனக்கு என்ன லா கேடு? 'சூப்பர்'னு ஒரு வார்த்தை சொன்னா வாய் அவிஞ்சா போயிடும்?" டீ நேரத்தில் நான் தனியாக உட்கார்ந்தேன். இருபத்தோரு வருஷத்தில் நான் அங்கே தனியாக டீ குடித்தது அதுதான் முதல் தடவை.

"மொத்தத்துல ஒரு தலைவரை உண்டாக்கி, ஒரு கூட்டாளியைப் பிரிச்சாச்சு," என்று மணியம் அந்த வெள்ளிக்கிழமை ராத்திரியே கணக்குப் போட்டிருந்தார். "இன்னும் எத்தனை நாள் பாக்கி?"

சிவப்பு மையில் ஒரு வரி

கட்டுரையில் எல்லாவற்றையும் எழுதினேன். உண்மையால் நான் பட்ட பாட்டை எழுதினேன். அக்காவின் மனசு நோகக்கூடாது என்றுதான் இத்தனை வருஷம் அப்படிச் சொன்னோம் என்றும் எழுதினேன். கொஞ்சம் கண்ணீர் வருகிற மாதிரியே எழுதியிருந்தேன்.

டாக்டர் ஹஸ்னா நல்ல மதிப்பெண் போட்டிருந்தார். ஆனால் 'மனசு நோகக்கூடாது' என்ற இடத்தில் வட்டம் போட்டு, சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: 'உண்மையாகவா?'

பஸ்ஸில் வீடு வரும்வரை அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கேன்டீனில் டீ ஆற்றும் பெண்ணிடம், "இனிப்பு அதிகம், வேற போடு," என்று தினமும்தான் சொல்கிறேன். அவளுக்கு மட்டும் மனசு இல்லையா? இருக்கிறது. ஆனால் அவள் என் லீவு லிஸ்டை எழுதுவதில்லை.

அந்த இடத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. பதினோரு வருஷமாக ஒரு மனுஷியைத் தீபாவளி லீவு வாங்கும் கருவியாக வைத்திருந்திருக்கிறேன். அதற்கு அன்பு என்று பெயர் வேறு வைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலையில் சுங்கை ஆராவுக்குப் போனேன். ருக்கு அக்கா மரக்கதவைத் திறந்தார், இரும்புக் கம்பிக் கதவைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப்பக்கம் அவர், இந்தப்பக்கம் நான்.

"என்ன?"

"அக்கா, இன்னும் ஒண்ணு சொல்லணும்."

"இன்னும் இருக்கா?"

"உங்க மனசு நோகக்கூடாதுன்னு நான் பொய் சொல்லலக்கா. லீவுக்காகத்தான் சொன்னேன். நல்ல பேரு எடுத்தா தீபாவளிக்கு மொத பேரா போடுவீங்கன்னு சொன்னேன். என்னை மன்னிச்சிடுங்க."

அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அது எனக்குத் தெரியும் லா," என்றார்.

"தெரியுமா?"

"வருஷம் பூரா ஒண்ணு எடுக்கிறவ, தீபாவளிக்கு முந்தின மாசம் மட்டும் நாலு கட்டிட்டுப் போவே. எனக்குக் கண்ணு இல்லையா? நீங்க எல்லாரும் லீவுக்குத்தான் பல்லைக் காட்டறீங்கன்னு தெரியும்." பிறகு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஆனா கறிபாப்பும் நல்லா இருக்குன்னு நெனச்சிட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கம்பிக் கதவைத் திறந்தார்.

உள்ளே காப்பி கலக்கிக் கொடுத்துவிட்டு, யார் எனக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். ஜெர்மன்காரரைப் பற்றிச் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"எல்லாரும் செஞ்சா என்ன ஆகும்னு கேட்டாரா? அதான் ஆகிப்போச்சே. எல்லாரும் 'சூப்பர்'னு சொல்லிட்டீங்க. இனிமே யாராச்சும் நெஜமாவே சொன்னாலும் எனக்கு எப்படித் தெரியும்?"

எனக்கு இரண்டு வாரமும் ஒரு சிவப்பு வட்டமும் தேவைப்பட்டது. அவருக்கு அரைக் கோப்பைக் காப்பி போதுமாக இருந்தது.

"அவரு சமைப்பாரா?"

"ஆள் வச்சிருந்தாராம்க்கா. தினம் மத்தியானம் கூட்டாளிங்களைக் கூப்பிட்டு வச்சுச் சாப்பிடுவாராம்."

"அப்ப அவருக்கும் நெறைய பேரு 'சூப்பர்'னு சொல்லியிருப்பாங்க," என்றார் ருக்கு அக்கா.

பாஸ், ரிஜெக்ட்

அடுத்த வெள்ளிக்கிழமை டப்பா வந்தது. டப்பாவுக்குப் பக்கத்தில் அட்டையில் மாட்டிய ஒரு கட்டுக் காகிதமும், மூடியில் ஓட்டை போட்ட ஒரு பெட்டியும் வந்தன.

காகிதத்தில் எங்கள் பிரிவின் பரிசோதனைப் படிவம் மாதிரியே கட்டம் போட்டிருந்தார். தோல், உள்ளே, உப்பு, எண்ணெய். ஒவ்வொன்றுக்கும் எதிரே பாஸ் அல்லது ரிஜெக்ட். அடியில் காரணம் எழுத இரண்டு வரி. பெயர் எழுதக்கூடாது.

"இன்னொரு விஷயம்," என்று எழுந்து நின்று அறிவித்தார். "இந்த வருஷத்துலேருந்து லீவு லிஸ்டு நான் எழுதமாட்டேன். சீட்டுக் குலுக்கல்தான். அதனால யாரும் எனக்குப் பயப்படவேணாம்."

அந்தத் தீபாவளிக்கு எனக்கு லீவு விழவில்லை என்பதையும் உண்மையைச் சொல்லும் ஆர்வத்தில் இங்கே எழுதிவிடுகிறேன்.

தோலுக்கு அத்தனை பேரும் ரிஜெக்ட். காரணத்தில் ஒருவர், 'ஹெல்மெட்டுக்கு ஆகும்' என்று எழுதியிருந்தார். ஆனால் 'உள்ளே' என்ற கட்டத்தைப் பார்த்து அக்கா காகிதங்களை இரண்டு தடவை புரட்டினார். ஏறக்குறைய எல்லாரும் பாஸ் போட்டிருந்தார்கள். கட்டத்தை நிரப்பவேண்டுமே என்று அன்றுதான் நாங்கள் எல்லாரும் கறிபாப்பைப் பிளந்து, உள்ளே இருந்த உருளைக்கிழங்கைக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டோம். கறிவேப்பிலையும் சோம்பும் தூக்கலாக, கடைசியில் ஒரு சின்னக் காரம். பதினோரு வருஷமாக அது உள்ளேயே இருந்திருக்கிறது. தோலைத் தாண்டிப் போனவர் ஒருவரும் இல்லை.

எந்த மகராசியோ அடியில் எழுதியிருந்தாள்: 'மாவை எவ்வளவு நேரம் பிசைகிறீர்கள்?'

"முக்கால் மணி நேரம்," என்றார் அக்கா பெருமையாக. "ஒரு கட்டி இருக்கக்கூடாது. சீரா வரணும்."

"ஐயோ அக்கா!" என்று நாலு மேசையிலிருந்து ஒரே சமயத்தில் கத்தினார்கள். அவ்வளவு நேரம் பிசைந்தால் மாவு இறுகிக் கல்லாகாமல் என்ன செய்யும்?

பிறகு எத்தனையோ வெள்ளிக்கிழமைகள். தோல் கல்லிலிருந்து அட்டையானது. அட்டை அப்பளமாகி, ஒரு வாரம் எண்ணெய் குடித்த பஞ்சாகி மானத்தை வாங்கியது. படிவங்களை அக்கா ஒரு கோப்பில் சேர்த்தார். யாராவது எல்லாக் கட்டத்திலும் பாஸ் போட்டால் கையெழுத்தை உற்றுப் பார்த்துச் சந்தேகப்படுவார். கடைசியில் ஒரு வாரம் டப்பா பத்தே நிமிஷத்தில் காலியானது. நோராய்னி கீழே உதிர்ந்த தோலை விரலில் ஒற்றி எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அக்கா அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று பெட்டியைத் திறந்து படிவங்களை எண்ணக்கூட இல்லை. அந்த மாதமே கடிதத்தைக் கொடுத்துவிட்டார்.

பாலிக் புலாவில் ஒரு வரிசை

முதலில் பேசிய கடை கைமாறிப்போயிருந்தது. அதே பசாருக்குப் பக்கத்தில் கொஞ்சம் சின்ன இடமாகப் பிடித்துவிட்டார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானும் மணியமும் போனோம். டுரியான் வாங்க வந்த கூட்டமும் சைக்கிள் ஓட்டிகளுமாகப் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள்.

அந்தக் கடையில் வாங்கினோமா போனோமா என்று இருக்க முடியாது. "நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டு நகர்ந்த ஓர் அம்மாளை அக்கா விடவில்லை. "எது நல்லா இருக்கு? தோலா, உள்ளேயா?" என்று கேட்டு நிறுத்தினார். பாவம், அந்த அம்மாள் இன்னொரு கடி கடித்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லமுடிந்தது.

எங்கள் முறை வந்தபோது எங்களுக்குப் பின்னாலும் பன்னிரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். மணியம் ஒன்றைக் கடித்தார். தோல் 'கரக்'கென்று உடைந்தது. மென்றார். நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்படி தம்பி?" என்றார் அக்கா.

குளியலறையில் ஒளிகிற மனுஷன், ஒரு நிமிஷம் யோசித்தார். "அக்கா, உப்பு இன்னைக்குக் கொஞ்சம் தூக்கல்."

அக்கா ஒரு துண்டு உருளைக்கிழங்கை எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடினார். முகம் மலர்ந்தது. அப்படி ஒரு முகத்தை நான் கேன்டீனில் ஒரு நாளும் பார்த்ததில்லை.

"ஆமா!" என்றார். அடுப்பை அணைத்தார். வரிசையைப் பார்த்து மூன்று மொழிகளில் அறிவித்தார்: "பத்து நிமிஷம். புதுசாக் கலக்கணும்."

பன்னிரண்டு பேரும் மணியத்தை முறைத்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"பேசாம 'சூப்பர்'னு சொல்லியிருக்கலாம்," என்று என் காதருகில் முணுமுணுத்தார்.

"சொல்லியிருக்கலாம்," என்றேன்.

உள்ளே அக்கா கிழங்கை மசித்துக்கொண்டே குரல் கொடுத்தார். "தம்பி, இங்க வா. இதைச் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லு. நீ சரின்னு சொன்னாத்தான் அடுப்பை மூட்டுவேன்."

மணியம் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கடைக்குள் போனார். அக்கா கரண்டியை நீட்டினார். அவர் வாங்கி வாயில் வைத்தார். பன்னிரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.